நரம்பு சுருட்டிய கால்: சிரைகளின் பாதை அறிந்து பார்க்கவும் கட்டுப் போடவும் முழுமையான வழிகாட்டி

மூணாறு, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்கும், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர்களுக்கும் காலில் புடைத்துச் சுருண்டு கிடக்கும் நரம்பு பழகிப்போன காட்சி. மருத்துவர் அதை வெரிகோஸ் வெயின் என்பார். புடைத்திருப்பவை சிரைகள், அதாவது காலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்.

அந்தக் காலை முதலில் பார்க்கும் ஆஷா ஊழியர், எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ், வீட்டில் தினமும் கட்டுப் போட்டுவிடும் மகள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இரத்தம் போகும் திசை மனதில் இல்லாமல் கையை வைப்பதால் வருகின்றன. கீழிருந்து மேலே, வெளியிலிருந்து உள்ளே என்பதுதான் அந்தத் திசை. பின்வரும் ஒவ்வொரு படியின் வரிசையும் அதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

தயாராக எடுத்து வைக்க வேண்டியவை

தையல்காரர் டேப், பேனா, டார்ச், ஓரங்குல அகலமுள்ள மெல்லிய ரப்பர் பட்டை (ஊசி போடும்போது கையில் கட்டுவது போதும்), 10 செ.மீ. அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள கிரேப் பேண்டேஜ் ஒரு காலுக்கு ஒன்று அல்லது இரண்டு, பஞ்சுச் சுருள், ஒட்டும் பிளாஸ்திரி. உயரம் குறைந்த கட்டிலும், நோயாளி ஏறி நிற்க ஒரு பலகையும் வேண்டும். அவர் தரையில் நின்றால் நீங்கள் குனிந்து பார்க்க வேண்டிவரும், கணுக்கால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அறை கதகதப்பாக இருக்கட்டும். மலையில் விடிகாலைக் குளிரில் தோலடிச் சிரைகள் சுருங்கிவிடும், மோசமான கால்கூட அப்போது நல்ல காலாகத் தெரியும்.

1. முதலில் பாதையை உங்கள் காலிலேயே தடவிப் பாருங்கள்

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. ஒன்று தோலுக்கு அடியில், கொழுப்புக்குள் ஓடுவது. மற்றது தசைக்கு நடுவே, எலும்பை ஒட்டி ஓடுவது. காலின் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துச் சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. கண்ணுக்குத் தெரிகிற தோலடிச் சிரைகள் சுமப்பது மீதிப் பத்தில் ஒன்றை.

தோலடியில் பெயர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. பெரிய சஃபீனஸ் சிரை உடம்பிலேயே மிக நீளமானது. புறங்காலில் பெருவிரல் பக்கம் தொடங்கி, உள் கணுக்கால் எலும்புக்கு முன்னால் ஏறி, கெண்டைக்காலின் உள்பக்கமாக வந்து, முழங்கால் சில்லின் உள்விளிம்பிலிருந்து நான்கு விரல் பின்னால் தள்ளிக் கடந்து, தொடையின் உள்பக்கமாகத் தொடை இடுக்குக்குப் போகிறது. அங்கே ஆழத்தில் இருக்கும் தொடைச் சிரைக்குள் கலக்கிறது.

சிறிய சஃபீனஸ் சிரை சுண்டுவிரல் பக்கம் தொடங்கி, வெளிக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஏறி, கெண்டையின் நடுமுதுகில் நேராக மேலே போய், பெரும்பாலானோருக்கு முழங்கால் மடிப்பில் உள்ளே இறங்குகிறது. உள் கணுக்காலுக்கு முன்னால் பெரியது, வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் சிறியது என்று மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இரண்டு அடுக்கையும் இணைக்கும் குட்டைச் சிரைகள் தசையுறையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. தோலடியிலிருந்து ஆழத்துக்கு மட்டுமே இரத்தத்தை விடுவது அவற்றின் வேலை. உள் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் இவற்றில் முக்கியமான சில இருக்கின்றன. ஆறாத புண் பெரும்பாலும் அதே இடத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. மேலே ஏற்றுவது எது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

கணுக்காலிலிருந்து இதயம் வரை இரத்தம் ஏறியாக வேண்டும். இதயத்தின் தள்ளுவிசை சிரைக்கு வந்து சேரும்போது அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். ஏற்றுவது கெண்டைத் தசை. அடியெடுத்து வைக்கும்போது முதலில் உள்ளங்கால் சிரைகள் நசுங்குகின்றன, பிறகு கெண்டை இறுகி ஆழத்துச் சிரைகளைப் பிழிகிறது. கெண்டையின் அடித்தசைக்குள் இரத்தம் தேங்கும் அகன்ற அறைகள் உண்டு, பிழிவு அங்கேதான் பலமாக விழுகிறது.

பிழிந்த இரத்தம் திரும்பி வராமல் காப்பவை வால்வுகள். ஒவ்வொன்றும் மேல்பக்கம் மட்டும் திறக்கும் இரட்டைக் கதவு. தொடையைவிட முழங்காலுக்குக் கீழேதான் அவை நெருக்கமாக இருக்கின்றன, ஏனெனில் பாரம் அங்கேதான் அதிகம்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். நடக்கத் தொடங்கினால், வால்வு நன்றாக இருப்பவருக்கு 20, 30 வரை இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் போதுமான அளவு இறங்காது. ஓயாத அந்த அழுத்தம்தான் மாலைக் கடுப்பு, வீக்கம், கருப்பு, புண் என்று படிப்படியாகக் காலைக் கெடுக்கிறது. புடைப்பு அழகை மட்டும் கெடுக்கும், அழுத்தம் காலையே கெடுக்கும்.

3. ஆபத்தான காலை முதலில் பிரித்து வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் கட்டுக்குப் போகக் கூடாது. ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் காலுக்கான வழியே வேறு.

ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கியது, கெண்டை வலி, தொட்டால் சூடு ஆகியவை இருந்தால் சந்தேகப்படுங்கள். சமீபத்தில் பிரசவம், அறுவை சிகிச்சை, நெடுநாள் படுக்கை, மாவுக்கட்டு, கருத்தடை மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் குறியிட்டு, இரண்டு காலிலும் சுற்றளவு எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வித்தியாசம் குறைவு என்பதற்காக மற்ற அறிகுறிகளைத் தள்ளிவிடாதீர்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தைலம் போட்டு அழுத்தி நீவிவிடுவது. உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் சிரையை விட்டு மற்றதை முதலில் யோசிக்க வேண்டும்: இதயம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தசோகை. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கணுக்கால் வீங்கும். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள், நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

4. நிற்கவைத்துப் பாருங்கள்

"அக்கா, சாயங்காலமானா கால் கடுக்குதா? படுத்துக் காலைத் தூக்கி வச்சா குறையுதா?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். நிற்க நிற்கக் கூடி, காலைத் தூக்கினால் குறையும் வலி சிரை வலி. நடந்தால் கெண்டையைப் பிடித்து, நின்றால் விடுவது பெரும்பாலும் தமனி (இதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் 8ஆம் படியில் கட்டுப் போடும்போது கால் நாசமாகும்.

பலகையில் ஏற்றி, சேலையையோ பாவாடையையோ தொடை வரை ஒதுக்கி, இரண்டு மூன்று நிமிடம் நிற்கவிட்ட பிறகுதான் பார்க்க வேண்டும். வால்வு கசிந்தாலும் சிரை நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். படுக்கவைத்தே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முன்பக்கம், உள்பக்கம், பின்பக்கம் என்று மூன்று தடவை பாருங்கள். உள்பக்கப் புடைப்பு பெரிய சஃபீனஸின் வழி, பின்கெண்டைப் புடைப்பு சிறியதன் வழி. சிவப்பு, ஊதா நிறத்தில் 1 மி.மீ.க்கும் மெல்லிய சிலந்திக் கோடுகளை மட்டும் வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். நிற்கும்போது 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்து வளைந்திருப்பதைத்தான் சுருட்டல் என்று கணக்கில் எடுக்கிறார்கள். தொடை இடுக்கில் விரலை வைத்து இருமச் சொன்னால், மேல்வால்வு கெட்டவருக்கு விரலில் அதிர்வு தட்டும்.

அடிவயிற்றிலோ தொப்புளுக்குக் கீழோ புடைத்த சிரை தெரிந்தால், மேலே எங்கோ பெரிய சிரையில் அடைப்பு இருக்கலாம். அவருக்குக் கட்டுப் போடாமல் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

5. தோலைப் படியுங்கள்

அனுபவமில்லாதவர் புடைப்பைப் பார்த்து மிரள்வார், தோலைப் பார்க்க மறந்துவிடுவார். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது தோல்தான்.

கணுக்காலுக்கு மேலே காப்பிக்கறை போன்ற கருப்பு தெரிந்தால், அழுத்தத்தில் சிவப்பணு வெளியே கசிந்து அதன் இரும்பு தோலில் தங்கிவிட்டது என்று அர்த்தம். அரிப்பும் செதிலும் நீர் கசிவும் சிரைப் படை என்னும் தோல்நோய்க்கு அடையாளம். இதைச் சாதாரணச் சொறி என்று நினைத்துக் கண்ட களிம்பைப் பூசுவார்கள். அட்டை கடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இடம் இன்னும் புண்ணாகும்.

தோல் விறைத்து, கிள்ள வராமல், கணுக்கால் இறுகி மெலிந்திருந்தால் அது புண்ணுக்கு முந்தைய நிலை. ஆறிய புண்ணின் வெள்ளைத் தழும்பும், ஆறாத புண்ணும் அதற்கடுத்த நிலைகள்.

முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் நீர் தேங்கியிருக்கிறது. பிறகு இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கப் பாருங்கள். தூக்கவே வராவிட்டால் நிணநீர் வீக்கமாக, ஒருவேளை யானைக்காலாக இருக்கலாம். அதற்குக் கவனிப்பு வேறு.

6. ரப்பர் பட்டை வைத்து, எங்கிருந்து நிரம்புகிறது என்று பாருங்கள்

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கிடைக்கும் இடத்தில் இந்தச் சோதனை தேவையில்லை. ஸ்கேனுக்குப் பாதி நாள் மலையிறங்க வேண்டிய இடத்தில் இன்னும் உதவுகிறது.

படுக்கவைத்துக் காலை நன்றாகத் தூக்கிப் பிடித்து, புடைத்த சிரையைக் கணுக்காலிலிருந்து தொடையை நோக்கி மெதுவாகத் தடவி வெறுமையாக்குங்கள். கால் தூக்கிய நிலையிலேயே தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே பட்டையைக் கட்டுங்கள். தோலடிச் சிரை மட்டும் அடைபட வேண்டும், பாதத்தின் துடிப்பு நிற்கக் கூடாது. எழுந்து நிற்கச் சொல்லி 30 விநாடி பாருங்கள்.

பட்டை இருக்கும்வரை சிரை வற்றியே இருந்து, அவிழ்த்ததும் மேலிருந்து சரசரவென நிரம்பினால், தொடை இடுக்குச் சந்திப்பில் வால்வு போய்விட்டது. பட்டை இருக்கும்போதே கீழே வேகமாக நிரம்பினால், கசிவு கீழே உள்ள இணைப்புச் சிரையிலோ சிறிய சஃபீனஸிலோ இருக்கிறது. வழக்கமாகச் சறுக்கும் இடம், நின்ற பிறகு பட்டை கட்டுவது. அதற்குள் சிரை நிரம்பிவிடும், எதுவும் தெரியாது.

7. கட்டுக்கு முன் தமனித் துடிப்பைத் தேடுங்கள்

இரத்தம் உள்ளே வரும் வழி குறுகியிருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் விரல்கள் கருகிப்போகும். சர்க்கரை நோயாளி, புகைபிடிப்பவர், வயதானவர் ஆகியோருக்கு இந்தப் படி கட்டாயம்.

புறங்காலில் பெருவிரலைத் தூக்கும் தசைநாணுக்கு வெளிப்பக்கம் ஒரு துடிப்பு, உள் கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு துடிப்பு. புறங்கால் துடிப்பு சிலருக்கு இயல்பாகவே கிடைக்காது, அதனால் இரண்டையும் தேட வேண்டும். இரண்டும் இல்லை என்றாலோ, பாதம் சில்லிட்டு முடி உதிர்ந்து பளபளத்தாலோ கட்டாதீர்கள். மருத்துவமனையில் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்கு மேல் இயல்பு. 0.8க்குக் கீழே வந்தால் முழு இறுக்கம் கூடாது. 0.5க்குக் கீழே எந்த இறுக்கமும் கூடாது. சர்க்கரை நோயில் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாகக் கூடுவதும் உண்டு. இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவருக்கும் மருத்துவர் சொல்லாமல் கட்டக் கூடாது, காலில் தேங்கிய நீர் ஒரேயடியாக இதயத்துக்கு ஏறிவிடும்.

8. கட்டுப் போடுதல்

நேரம்தான் முதல் விஷயம். காலையில் கண் விழித்து, கால் தரையில் படுவதற்கு முன் கட்ட வேண்டும். இருட்டோடு எழுந்து சமையல் முடித்து வேலைக்கு ஓடும் வீட்டில் இது கடினம். எழுந்துவிட்டால் மறுபடி படுத்து, காலைத் தலையணை மேல் 15, 20 நிமிடம் உயர்த்தி வைத்த பிறகு கட்டலாம். வீங்கிய காலைக் கட்டினால் வீக்கத்தை உள்ளே வைத்துப் பொட்டலம் போட்டதுபோல்தான்.

கொலுசைக் கழற்றுங்கள். விரல் வீங்கும் பழக்கம் இருந்தால் மெட்டியையும். தோலைத் துடைத்து உலர்த்தி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பாருங்கள்.

பாதத்தைக் கீழ்க்காலுக்குச் செங்கோணத்தில் மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்கிய நிலையில் கட்டினால், நிமிர்த்தும்போது கணுக்கால் முன்மடிப்பில் துணி வரியாக விழுந்து தோலை அறுக்கும். கணுக்கால் எலும்புகளின் மேலும் முன்னெலும்பின் விளிம்பிலும் பஞ்சு வையுங்கள். கணுக்கால் மிகவும் மெலிந்திருந்தால் அங்கே கூடுதல் பஞ்சு வைத்துப் பருமனாக்க வேண்டும்.

விரல்களின் அடியில், நகங்கள் வெளியே தெரியும்படி தொடங்குங்கள். சுருள் காலை ஒட்டியே உருண்டு போகட்டும், நீளமாக இழுத்துப் பிடித்துச் சுற்றினால் இறுக்கம் சுற்றுக்குச் சுற்று மாறும். துணி நீளக்கூடியதில் பாதி அளவு இழுத்தால் போதும். பாதத்தில் இரண்டு சுற்று, பிறகு குதிகாலை மூடி, கணுக்காலில் எட்டு வடிவத்தில் குறுக்காக. குதிகாலைத் திறந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகக் குதியில் நீர் பிதுங்கும். கணுக்காலுக்கு மேலே ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடியபடி ஏறட்டும்.

இறுக்கத்தை எங்கும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். ஒரே இழுப்பில் சுற்றினாலே மெலிந்த கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் பருத்த கெண்டையில் குறைவாகவும் விழும், இரத்தம் மேலே ஏற அதுதான் தேவை. கட்டு நழுவாமல் இருக்கக் கடைசிச் சுற்றை இறுக்குவது எல்லோரும் செய்யும் தவறு. அது முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டுவதற்குச் சமம். அட்டை ஏறாமல் இருக்கக் கயிறோ இறுக்கமான ரப்பரோ அங்கே கட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு முனையைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. அது நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும். முடிவைப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். ஊக்கு வேண்டாம்.

கட்டியவுடன் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள், இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாரித்தால், மரத்தால், வலி கூடினால் உடனே அவிழ்க்க வேண்டும். கிரேப் கட்டை இரவு படுக்கும்போது எடுத்துவிட்டு, துவைத்து நிழலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள்.

ஆறாத புண் உள்ள காலுக்கும், தமனி நன்றாக இருந்தால், இந்த அழுத்தம்தான் முதன்மை வைத்தியம். ஆனால் அதன் முதல் கட்டை மருத்துவமனையில் போடட்டும்.

9. ஸ்டாக்கிங்ஸ் வாங்குவது

ஸ்டாக்கிங்ஸ் என்பது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை. காலையில், வீக்கமில்லாத காலில், மூன்று அளவு எடுங்கள்: கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டையின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். "மீடியம் சைஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கியது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். முழங்கால் வரை உள்ளதே பெரும்பாலானோருக்குப் போதும், தொடை வரை உள்ளது நழுவிச் சுருண்டு மடிப்பில் இறுக்கும். தினமும் போட்டால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும். ரப்பர் பூட்ஸுக்குள் போடுகிறவர்கள் இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுவது நல்லது, வேர்வை ஈரத்தில் விரலிடுக்குப் புண் வரும்.

10. வேலை இடத்தில்

ஒரே இடத்தில் நிற்பதுதான் பகை, நடை அல்ல. ஒரு செடியை முடித்து நகரும்போதெல்லாம் குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டை பிழியும். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து இறங்கும்போது கணுக்காலை மேலும் கீழும் மடக்கிக்கொண்டே வரலாம். சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம் படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். ஸ்டூலில் காலை நீட்டினால் மட்டும் போதாது.

11. சுருட்டல் கீறி இரத்தம் பீறிட்டால்

செடியின் கொம்பு குத்தினாலும் இது நடக்கும். வலி இருக்காது, இரத்தம் வேகமாகப் போகும். உட்காரவைக்காமல் உடனே தரையில் படுக்கவைத்து, காலை மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தின் மேல் விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தொடையில் துண்டை முறுக்கிக் கட்டக் கூடாது, அது சிரையை அடைத்துக் கசிவைக் கூட்டும். இரத்தம் நின்றபின் துணியை எடுக்காமலே மேலே கட்டுப் போட்டு மருத்துவமனைக்குப் படுத்த நிலையில் கொண்டுபோங்கள்.

12. ஸ்கேனுக்கு அனுப்பும்போது

கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும், கீழே தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், சீட்டில் இவை இருக்கட்டும்: எந்தக் கால், எத்தனை நாளாக, எந்த வழியில் புடைப்பு, தோலின் நிலை, துடிப்பு கிடைத்ததா, இரண்டு கெண்டைச் சுற்றளவு, சாப்பிடும் மாத்திரைகள். சிரையின் கசிவைப் பார்க்கும் டாப்ளரை, முடிந்தவரை, நிற்கவைத்து எடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

முடிவுத்தாளில் ஜி.எஸ்.வி. என்பது பெரிய சஃபீனஸ், எஸ்.எஸ்.வி. சிறியது, எஸ்.எஃப்.ஜே. தொடை இடுக்குச் சந்திப்பு, ரிஃப்ளக்ஸ் என்பது பின்கசிவு. தோலடிச் சிரையில் அரை விநாடிக்கு மேல் இரத்தம் பின்னோக்கி ஓடினால் கசிவு என்று எழுதுவார்கள். டி.வி.டி. (ஆழத்துச் சிரையில் இரத்த உறைவு) இல்லை என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அறையை விட்டு வருவதற்கு முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.